நீங்கியவர்கள்

1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்கள் வாரவாரியாக ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக நிற்கிறார்கள். புள்ளிகளை ஒட்டி மணி வடிவில் ஒரு வளைகோடு ஏறி இறங்குகிறது. கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927இல் எழுதிய கட்டுரையில் உள்ள படம் அது. மெக்கென்ட்ரிக் இந்தியாவில் மருத்துவப் பணியில் இருந்தவர். கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்த்த வளைகோடுகள் பலவும் இதன் வழிவந்தவை.

அவர்களுடைய மாதிரி மக்களை மூன்றாகப் பிரிக்கிறது: தொற்றக்கூடியவர்கள், தொற்றியவர்கள், நீங்கியவர்கள். குணமானவருக்கும் இறந்தவருக்கும் மூன்றாவது பெட்டிதான். இருவராலும் இனி நோய் பரவாது; சமன்பாட்டுக்கு அதுவே போதும். முதலில் படித்தபோது கோபம் வந்தது. பிறகு, தமிழிலும் நோய் நீங்குவதற்கும் உயிர் நீங்குவதற்கும் ஒரே வினைச்சொல்தானே என்று நினைத்துக்கொண்டேன். எதையாவது விட்டால்தான் கணக்குப் போட முடியும்.

என் கேள்வி முதல் இரண்டு பெட்டிகளுக்கு இடையில் இருக்கிறது. தொற்றக்கூடியவர்களின் எண்ணிக்கையைத் தொற்றியவர்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். ஊரில் எவரும் எவரையும் சந்திக்கும் வாய்ப்பு சமம் என்பது அந்தப் பெருக்கலுக்குள் இருக்கும் அனுமானம். பின்னால் வந்தவர்கள் வயது, வீடு, பள்ளி, வேலையிடம் என்று பிரித்து அதைத் திருத்தினார்கள்.

2021இல் அம்மாவுக்குத் தொற்று வந்தபோது, "யாரும் பக்கத்தில போகாதீங்க" என்று அண்ணன் போனில் சொன்னார். சரியான அறிவுரை. சளியைத் துடைத்ததும் பெட்பேனைக் கழுவியதும் நான். அந்த 'யாரும்' என்பதில் நான் இல்லை. வீட்டில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை, எனக்கும்கூட. தொடர்பைக் குறைக்கச் சொன்னதை எல்லோரும் அப்படியே கேட்டால் வளைகோடு தாழும். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. விலகி இருந்தவர்கள் வளைகோட்டைத் தாழ்த்தியவர்கள். விலக முடியாதவள் அதில் ஒரு கூடுதல் எண்.

கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றி எழுதிய துசிடிடீஸ், பிழைத்தவர்களே நோயாளிகள்மேல் அதிகம் இரங்கினார்கள் என்கிறார். மறுபடி வந்தாலும் அது தங்களைக் கொல்லாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரும் அந்த நோய் கண்டு பிழைத்தவர்தான். கெர்மாக், மெக்கென்ட்ரிக் மாதிரியிலோ, மூன்றாவது பெட்டிக்குப் போனவர்களுக்கு அதன்பின் வேலை எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து நான் படுத்தேன். அம்மா அப்போது நீங்கியவர்களில் ஒருத்தி. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கஞ்சியைக் கட்டில் ஓரம் வைத்தாள். "மாஸ்க் போட்டுக்கோம்மா" என்றேன். "எனக்குத்தான் வந்து போயாச்சே" என்று சொல்லிவிட்டு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.