பசிக்கு ஒரு ஊசி

பசியைப் பிணி என்றே சொன்னது மணிமேகலை. அதற்கு அது காட்டிய மருந்து, எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுப் பாத்திரம். வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பங்கூழால் பசியாறிய அந்தக் கரிசலில் நின்று, பசியையே மட்டுப்படுத்தும் ஊசியைப் பற்றிப் பேசுவது விசித்திரம்தான். செமாக்ளுடைடு, டிர்செபடைடு போன்றவை டாக்டர் சீட்டின் பேரில் உடல்பருமனுக்குத் தரப்படுபவை. ‘போதும்’ என்ற உணர்வை மூளையில் சீக்கிரமே எழுப்புகின்றன. ஊசியால் வந்த அடக்கம் அடக்கமாகுமா?

1879இல் திருச்சுழியில் பிறந்த ரமணர், ‘நான் யார்?’ என்ற சிறுநூலில் நியமங்களிலெல்லாம் சிறந்ததாக வைப்பது அளவான சாத்துவிக உணவை. அதை அவர் சாதனையாகக் கொண்டாடவில்லை. மனம் அடங்க அது ஒரு துணை, அவ்வளவே. துணை எந்த வழியில் வந்தால் என்ன? முயற்சியில்லாத கட்டுப்பாடு இரவல் நகை என்பார்கள். ஆனால், பாதி இலையிலேயே எழுந்துவிடுகிறவரின் பெருமையில் ஒரு பங்கு, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் அவர் குடல் ஹார்மோனுக்குச் சேர வேண்டியது. எண்ணெய்ப் பரோட்டாவின் முன் தடுமாறுகிறவரைப் பேராசைக்காரர் என்பதும் அதே கணக்குப் பிழை. இன்னொரு மறுப்பு கனமானது: நிறுத்தினால்? செமாக்ளுடைடு ஆய்வொன்றில், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஊசி குணத்தை மாற்றவில்லை, பசியின் இரைச்சலைத்தான் குறைத்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரையும் அப்படித்தான். அதை விழுங்குகிறவரை யாரும் ஒழுக்கம் கெட்டவர் என்பதில்லை. கல்யாண போட்டோவுக்காக மூன்று கிலோ குறைக்க ஊசி கேட்கிறவர் விஷயம் வேறு. அவர் கேட்பது மருந்தே அல்ல.