ஒரு தோற்பைத் தண்ணீர்



சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத் தியானம் கொடுக்கவென்று அபுதாபிக்குப் போயிருந்தேன். தியானம் முடிந்த மறுநாள், அங்கே தொழில் செய்யும் நம்மவர் குடும்பமொன்று என்னை லிவாவின் மணல்மேடுகளைப் பார்க்க அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்திருந்தது. காலையில் போய் இரவில் திரும்பும் பயணந்தான். லிவா என்பது ரூப் அல் காலி என்னும் பெரும்பாலையின் வடக்கு விளிம்பில் உள்ளது. அந்தப் பாலையின் பரப்பு ஏறக்குறைய 650,000 சதுர கிலோமீற்றர்; நமது இலங்கையைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு பொதி கட்டினோம். நான் எடுத்துவைத்தவை செபப் புத்தகம், கமெரா, குடை. அந்த வீட்டுத் தாய் குடையைக் கண்டு சிரித்தார். "சுவாமி, மணல்மேட்டுக் காத்து இதைப் பிடுங்கிக்கொண்டு போயிடும். முழுக்கைச் சேட்டுப் போடுங்கோ. தலையையும் மூக்கையும் சுத்திக் கட்ட ஒரு பருத்தித் துண்டு எடுங்கோ" என்றார். என் செருப்பும் தள்ளுபடியாயிற்று. மூடிய சப்பாத்து வேண்டுமாம். மாவுபோன்ற மணல் புகாத இடமில்லை என்று கமெராவைப் பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டினார். கணவர் தம் பங்குக்கு மண்வெட்டி, இழுவைக் கயிறு, ரயருக்குக் காற்றடிக்கும் கருவி ஆகியவற்றை ஏற்றினார். மணலில் இறங்குமுன் ரயரின் காற்றைக் குறைப்பார்களாம். அப்போது அது தட்டையாகி அகலப் பதியும், புதையாது. திரும்பத் தார்வீதிக்கு வந்ததும் ஊதிக்கொள்ள வேண்டும். தனி வாகனத்தில் உள்ளே போவதும் புத்தியல்ல என்று இன்னொரு குடும்பத்தையும் சேர்த்திருந்தார்கள்.

இவையெல்லாம் அரை மணி வேலை. மிச்ச நேரம் முழுவதும் அந்தத் தாய் எண்ணியது தண்ணீரைத்தான். ஆளுக்கு 5 லீற்றர். ஒன்பது பேருக்கு 45 லீற்றர். லீற்றர் ஒன்று ஒரு கிலோ அல்லவா? அவ்வளவு பாரத்தையும் ஏற்றிய பிறகு, மேலும் இரண்டு பெட்டித் தண்ணீர்ப் போத்தல்களை வைக்கச் சொன்னார்.

"இது ஆருக்கு அம்மா?"

"தெரியாது சுவாமி. வழியிலே ஆரும் நிப்பினம்."

எனக்கு ஒரு பிரசங்கம் நாவில் வந்தது. பையும் அப்பமும் பணமும் இன்றிப் போங்கள் என்று ஆண்டவர் பன்னிருவரை அனுப்பினாரே, உங்களுக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்க நினைத்தேன். நல்ல வேளை, வாயை மூடிக்கொண்டேன். ஏனெனில் சீடர்கள் போனது ஊர்களுக்கு. வீடுகள் இருந்தன, யாரோ ஒருவர் கதவு திறப்பார் என்ற நம்பிக்கையில் வெறுங்கையாய்ப் போனார்கள். மாற்கு சுவிசேஷத்தின்படி கைத்தடியும் பாதரட்சையும் கொண்டுபோக அவர் தடை சொல்லவுமில்லை. கதவே இல்லாத மணலுக்குப் போகிறவனுக்கு அந்த வசனத்தைச் சொல்லித் தண்ணீரை மிச்சம்பிடித்தால், அது விசுவாசமாகுமா?

மறுநாள் நண்பகலில் மேட்டின் நிழற்பக்கத்தில் அமர்ந்திருந்தோம். பிள்ளைகள் அட்டைத் துண்டில் இருந்து சறுக்கி விளையாடினார்கள். எனக்குத் தாகமே இல்லை. ஆயினும் அந்தத் தாய் அரை மணிக்கு ஒருதரம் போத்தலை நீட்டி, குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வரண்ட காற்றில் வியர்வை நாம் உணருமுன்னே உலர்ந்துபோகும்; தாகம் தெரியும்போது உடல் ஏற்கெனவே நீரை இழந்திருக்கும். அங்கேதான் எனக்கு ஆகாரின் நினைவு வந்தது.

ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு இருந்து வாசித்துப் பாருங்கள். ஆகார் எகிப்திய நாட்டவள். பிறர் வீட்டில் வேலை செய்த அடிமைப்பெண். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து, கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் அவள் தோளில் வைத்து, பிள்ளையோடு அனுப்பிவிடுகிறார். அனுப்பியதைப்பற்றி நான் பேசவில்லை. அது அவருக்கும் துயரமாகவே இருந்தது, தேவனும் அனுமதித்தார். கட்டிக்கொடுத்த பொதியைப்பற்றியே பேசுகிறேன். மந்தையும் வெள்ளியும் பொன்னும் மிகுந்த மனிதர் அவர். மூன்று அதிகாரங்களுக்கு முன்னே, முன்பின் அறியாத மூவர் வெயிலில் வந்தபோது, மூன்று படி மாவும் இளங்கன்றும் பாலும் தயிரும் கொண்டு ஓடி ஓடி விருந்து வைத்தவர். அடுத்த அதிகாரத்தில் ஈசாக்கோடு புறப்படும்போது கழுதைக்குச் சேணம் போடுகிறார். வேலைக்காரிக்கோ ஒரு தோற்பை. பெயேர்செபாப் பாலையில் அது முடிந்துபோனது. மகன் சாவதைக் காணச் சகியாமல், தாய் வில்லெறி தூரம் விலகிப்போய் இருந்து அழுதாள்.

தேவன் அவள் கண்களைத் திறந்து கிணற்றைக் காட்டினார், உண்மைதான். ஆனால் அந்தக் கிணற்றைச் சாட்டி, தோற்பை போதுமாயிருந்தது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

நம் வீடுகளுக்கு வருகிறேன். எத்தனை தாய்மாரும் குமர்ப்பிள்ளைகளும் நம் பங்குகளிலிருந்து அந்த நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார்கள்! அதிகாலையில் எழுந்து நாமும் பொதி கட்டிக்கொடுத்தோம்: மிளகாய்த்தூள், இரண்டு உடுப்பு, ஒரு செபமாலை. கடவுச்சீட்டின் பிரதியொன்று வீட்டில் உண்டா? ஒப்பந்தத்தில் உள்ளதை அவளுக்கு யாராவது வாசித்து விளக்கினார்களா? நமது தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தை அவள் மனப்பாடமாக அறிவாளா? அவள் பெயரிலேயே ஒரு வங்கிப் புத்தகம் உண்டா? அனுப்பும் பணம் வந்ததா என்று கேட்க எடுக்கும் தொலைபேசியில், சாப்பிட்டாயா, நித்திரை கொள்கிறாயா என்று கேட்பவர் யார்? "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று வழியனுப்பும் கணவன்மாரே, சகோதரர்களே, பொதியில் நீங்கள் வைத்தது எவ்வளவு?

மாலையில் திரும்பும் வழியில் ஒட்டகப் பட்டியொன்றின் அருகே வாகனத்தை நிறுத்தச் சொன்னார் அந்தத் தாய். தகரக் கொட்டிலிலிருந்து இருவர் வந்தார்கள். எந்த நாட்டவரோ, பாஷை விளங்கவில்லை. இரண்டு பெட்டிகளும் அங்கே இறங்கின. ஒருவர் போத்தலைத் திறந்து, தாம் குடிக்குமுன் எங்கள் சின்னப்பிள்ளையிடம் நீட்டினார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. "வாங்கிக் குடி ராசா" என்றார் அவர்.