தாழிக்குள் வைத்தது என்னாயிற்று?



"பாஸ்டர், விசுவாசி சொத்து சேர்க்கிறது பாவமா?" என்று ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரர் கேட்டார். அப்போது சரியான பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி என்னையே குத்திற்று.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கின மியூசியம் இருக்கிறதல்லவா? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். முதுமக்கள் தாழியைக் காட்டினேன். நம் மாவட்டத்தில் சித்தன்னவாசல் முதலான இடங்களில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின புதைகுழிகள் உண்டு. மரித்தவரோடு மண்பாண்டம், இரும்புக் கருவி, பாசிமணி எல்லாம் வைத்துப் புதைத்தார்கள். ஒரு பையன் கேட்டான்: "ஐயா, அவரு இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகலையா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சாட்சியைச் சொல்லுகிறேன். எங்கள் தகப்பனார் ஒரு தென்னந்தோப்பை விட்டுப்போனார். அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, வரப்பில் நின்ற நாலு மரம் யாருக்கு என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. ஏழு வருஷம் பேச்சு இல்லை. பிரசங்கத்தில் அன்பைப் பற்றிப் பேசுவேன்; அண்ணன் வாசலை மிதிக்க மாட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் நாலு மரமும் வேரோடு கிடந்தது. மரம் போச்சு, சண்டை மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் அண்ணன் நின்றார். அவர் சபைக்கு வராதவர். ஆனாலும், "தம்பி, சாப்பிட்டியாடா?" என்று முதலில் கேட்டது அவர்தான். நான் வெட்கப்பட்டுப்போனேன்.

லூக்கா 12-ம் அதிகாரத்து ஐசுவரியவான் திருடினான் என்று வேதம் சொல்லவில்லை. நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் யோசனையில் எல்லாமே 'என்னுடையது'. தேவனுக்கும் இடமில்லை, அயலானுக்கும் இடமில்லை. அன்று ராத்திரியே கணக்கு முடிந்தது.

அரிமத்தியா ஊர் யோசேப்பும் ஐசுவரியவான்தான் (மத்தேயு 27:57). தனக்கென்று கன்மலையில் வெட்டின புதிய கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்தார். நம் ஊர் முன்னோர் ஆஸ்தியைக் கல்லறைக்குள் வைத்தார்கள். இவரோ கல்லறையாகிய ஆஸ்தியையே கொடுத்துவிட்டார். மூன்றாம் நாளில் அது காலியாயிற்று, அல்லேலூயா!

ஆகவே அந்தச் சகோதரருக்கு என் பதில் இதுதான். சொத்து இருப்பது பாவமல்ல. பிள்ளைகளுக்கு வீடு கட்டுங்கள், படிக்க வையுங்கள். ஆனால் சாகும்போது விட்டே தீரவேண்டியதை, உயிரோடிருக்கும்போதே தேவனுக்காகவும் சகோதரனுக்காகவும் விட முடிகிறதா என்று உங்களைச் சோதித்துப் பாருங்கள். மரணம் பிடுங்கிக்கொள்வதை 'நான் கொடுத்தேன்' என்று ஒருவரும் சொல்ல முடியாது.

தேவபிள்ளையே, ஒரு வரப்புக்காக, அம்மா விட்டுப்போன ஒரு சங்கிலிக்காக கூடப்பிறந்தவர்களோடு பேசாமல் இருக்கிறாயா? அடுத்த திருவிருந்துக்கு முன்னே அந்த வாசலுக்குப் போ. எனக்கு ஒரு புயல் வேண்டியிருந்தது. உனக்கு அது வேண்டாம்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.