ஊர்ப் பணத்துக்கு வட்டி

இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டு கிராமச் சட்டம், ஊரே தன் பெயரில் தொழில் நிறுவனம் நடத்த வழிசெய்தது. ‘பும்டெஸ்’ எனப்படும் இந்நிறுவனத்தின் முதல் கிராம நிதியிலிருந்து வருகிறது. ஊர்க்கூட்டமே அதற்கு மேலதிகாரம். சோயாவிலிருந்து டெம்பே என்ற உணவு செய்வோருக்கும் சிறு சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் பல ஊர்களில் அதன் சேமிப்பு-கடன் பிரிவு கைகொடுக்கிறது. இல்லையேல் ஜாவாவில் ‘பேங்க் ப்ளெசித்’ எனப்படும் வட்டிக்காரரே கதி. ஆனால், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் ஒரு கேள்வி எழாமல் இராது: ஊர் வாங்கும் வட்டியும் ‘ரிபா’ என்று மார்க்கம் தடுத்த வட்டிதானா?

இக்கேள்விக்கு முன்வரலாறு உண்டு. முகம்மதியா என்ற இஸ்லாமிய அமைப்பின் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) 1968இல் சிடோஆர்ஜோவில் கூடி, அரசு வங்கிகளின் வட்டியை ஹராம் (தடுக்கப்பட்டது) எனத் தீர்க்காமல், ஐயத்துக்குரியது என்ற அளவில் நிறுத்தினர். 1992இல் நஹ்லத்துல் உலமா என்ற மற்றோர் இஸ்லாமிய அமைப்பு வங்கி வட்டி பற்றி மூன்று கருத்துகளைப் பதிவுசெய்தது: ஹராம், ஹலால் (அனுமதிக்கப்பட்டது), ஐயத்துக்குரியது. 2004இல் இந்தோனேசிய உலமா சபை வட்டி ஹராம் என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அளித்தது. ஷரீஆ நிதி நிறுவனம் இல்லாத பகுதிகளுக்கு மட்டும் தேவை கருதி விலக்குத் தந்தது. 2006இல் முகம்மதியாவும் வட்டி ரிபாவே என்றது.

ஊர் நிறுவனம் பொது உடைமை, அதன் வட்டி ஊருக்கே திரும்புவதால் அது ரிபா அல்ல என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதம் ஆதாயம் யாருக்குப் போகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதே ரிபாவின் சிக்கல். டெம்பேக்கு வேண்டிய சோயாவில் பெரும்பகுதி இறக்குமதி. விலை ஏறினால் அடிபடுபவர் செய்பவர்தான். தவணை மட்டும் குறையாது. கடன் கொடுத்தது ஊரே ஆனாலும் அவருக்கு வேறுபாடில்லை.

ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து, இலாபத்தைப் பங்கிடும் முளாரபா முறையில் உழைப்பவரின் கவனக்குறைவு இல்லாதவரை பண நட்டம் முதல் போட்டவரைச் சேரும். நீதியான ஏற்பாடுதான், ஆனால் கணக்கெழுதாத கடையில் இலாபத்தை எப்படிப் பங்கிடுவது? அதனால் முராபஹா எளிதாகிறது: ஊர் நிறுவனம் சோயாவை வாங்கி, இலாபத்தைச் சொல்லித் தவணையில் விற்கும். வட்டிக்கு வேறு சட்டை போட்டது இது என்பாரும் உண்டு. அது மிகை; ஊர் உண்மையில் சரக்கை வாங்கி விற்கிறது. எனினும் நட்டம் பழைய இடத்திலேயே இருக்கிறது.

கிராமச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, ஊர் நிறுவனத்தின் வருவாயிலிருந்து ஏழைகளுக்குச் சுழல் நிதி வழங்க இடம் தருகிறது. அன்றாடம் விற்று அன்றாடம் உண்பவருக்கு அதிலிருந்து வட்டியில்லாக் கடனும், கணக்கு வைக்கக்கூடியவருக்கு முளாரபாவும் தருவதே பொருத்தம்.