நாற்பத்து மூன்று கணக்குகள்

2024 ஜூன் 11 அன்று, மைசூருவில் தங்கியிருந்த கன்னட நடிகர் தர்ஷனை ஒரு கொலை வழக்கில் போலீசார் பிடித்து பெங்களூருவுக்குக் கொண்டுபோனார்கள். மைசூரு அவர் படித்து வளர்ந்த ஊர். ஆட்டோவின் பின்கண்ணாடியில் அவருடைய பட்டப்பெயரான 'டி பாஸ்' என்பதை ஒட்டிக்கொண்டு ஓட்டும் ரசிகர்கள் உள்ள ஊர்.

சித்ரதுர்காவைச் சேர்ந்த மருந்துக்கடை ஊழியர் ஒருவர், தர்ஷனின் ரசிகர், தர்ஷனின் நெருங்கிய தோழியான நடிகை பவித்ரா கவுடாவுக்கு இன்ஸ்டாகிராமில் ஆபாசமாக எழுதி அனுப்பினார்; அதற்காகவே கடத்திக் கொல்லப்பட்டார் என்பது போலீஸ் தரப்பு. தர்ஷன் அதை மறுக்கிறார், வழக்கு நடக்கிறது.

ஓராண்டு கழித்து, 2025 ஜூலையில், இறந்தவரின் குடும்பத்துக்கு நீதி கிடைக்க வேண்டும் என்று ஒருவர் எழுதினார். தமிழர்களுக்குக் 'குத்து' ரம்யாவாகத் தெரிந்தவர், மண்டியாவின் முன்னாள் எம்.பி. உடனே ஆபாசமும் பாலியல் மிரட்டலும் அவருடைய கைப்பேசியில் வந்து குவிந்தன. ஓர் உயிர் போனதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அதே வகைச் செய்திகள், அந்த உயிருக்காகப் பேசியவருக்கே வந்தன. அவர் பெங்களூரு போலீஸ் கமிஷனரிடம் 43 கணக்குகளைக் குறிப்பிட்டுப் புகார் கொடுத்தார். சிலர் கைதானார்கள்.

அவர் பிரபலம், கமிஷனரின் கதவு திறந்தது. 2016-இல் சேலம் அருகே ஒரு கிராமத்துப் பெண்ணின் படம் ஃபேஸ்புக்கில் ஆபாசமாக ஒட்டு வேலை செய்யப்பட்டுப் பரவியபோது, பெற்றோர் போலீசுக்கு அலைந்தார்கள். நாட்கள்தான் ஓடின. அவள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகே குற்றவாளி என்று ஒருவர் பிடிபட்டார். தாமதத்துக்கு மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் தீருமா? அதையும் செய்து பார்த்தாயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தியையே குற்றமாக்கியது. 2012-இல் பால் தாக்கரே மறைவை ஒட்டிய மும்பை கடையடைப்பைக் கேள்வி கேட்டு எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவள் தோழியும் கைதானார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 2020 நவம்பரில் கேரளம் தன் போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவைச் சேர்க்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பேச்சுரிமைக்கு ஆபத்து என்று எதிர்ப்பு எழ, சில நாட்களிலேயே கைவிட்டது. வலை அகலமானால் அப்பாவியும் சிக்குகிறார். குறுகினால் ஆபாசமும் மிரட்டலும் மட்டுமே மாட்டுகின்றன.

ஆபாசமே இல்லாத வார்த்தைகளை என்ன செய்வது?

2024 ஏப்ரலில், சென்னை அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தாயின் கையிலிருந்து நழுவிய கைக்குழந்தை கீழ்த்தளத்தின் கூரையில் தொங்கி நின்றது. அக்கம்பக்கத்தார் கீழே போர்வை விரித்துப் பிடிக்க, ஒருவர் ஜன்னல் வழியே ஏறிக் குழந்தையை மீட்டார். அதைக் காட்டிய காணொளி ஊரெங்கும் ஓடியது. "இவளெல்லாம் ஒரு தாயா?" என்ற தொனியில் முன்பின் அறியாதவர்கள் எழுதித் தள்ளினார்கள். அடுத்த மாதம், கோவைப் பக்கம் பெற்றோர் வீட்டில் அந்தத் தாய் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏளனம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் குழந்தை மீதான அக்கறையில்தான் எழுதியதாக நினைத்திருப்பார்கள். தனித்தனியே எடுத்தால் ஒரு வரிகூடப் புகாருக்குத் தேறாது. 43 என்று எண்ணிக் கொடுக்க அங்கே கணக்குகளும் இல்லை.

அந்தக் காணொளி இன்னும் இருக்கிறது. போர்வை பிடித்த கைகளும், கீழே எழுதப்பட்ட வரிகளும், படிக்கத் தெரியும் வயதில் அந்தக் குழந்தையின் கண்ணில் படக்கூடும்.