எப்படி வந்தது என்ற கேள்வி

ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று காதில் விழுந்தால் நம்மில் பலருக்கு முதலில் நாவில் வருவது “எப்படி வந்ததாம்?” என்பதுதான். மருந்து கிடைக்கிறதா, உடன் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு. பல நேரம் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. நோயுற்றவரின் நடத்தையில் ஒரு குறையைக் கண்டுவிட்டால் மனம் அடங்கிவிடுகிறது. தவறு அவருடையது, நமக்கு இதில் வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது. இப்படி அடங்கிய மனங்கள் எத்தனை உயிர்களைப் பறித்திருக்கின்றன என்பதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையில் பார்க்கலாம்.

அந்நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு 13 பேர் அளவே. ஆனால் ஆண்டுதோறும் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படுவோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் அவர்கள். 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கை வெளியிட்டது. அன்றைய நிலை மாறாமல் நீடித்தால், தற்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ கொண்ட கறுப்பின ஆண்களில் இருவருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இக்கிருமிக்கு ஆளாவார். அதே ஈர்ப்புக் கொண்ட வெள்ளை ஆண்களில் 11 பேருக்கு ஒருவர்.

அப்படியானால் அவர்கள் கட்டுப்பாடில்லாமல் நடந்துகொள்கிறார்கள் என்றுதானே பொருள்? பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். கிரெக் மில்லட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. கறுப்பின ஆண்கள் வெள்ளையரைவிட ஆபத்தாக நடந்துகொள்ளவில்லை. வேறுபாடு வருமானத்தில் இருந்தது, மருத்துவக் காப்பீட்டில் இருந்தது, சிகிச்சை கிடைப்பதில் இருந்தது. மருந்து எட்டாத சமூகத்தில் பலருடைய இரத்தத்தில் கிருமியின் அளவு குறையாமலே இருக்கிறது. அங்கே பிறந்த இளைஞன் எவ்வளவு கவனமாக இருந்தாலும், வேறு சமூகத்தில் அதே கவனத்தோடு வாழும் இன்னொருவனைவிட அவனுக்கு ஆபத்து அதிகம். ஒழுக்கத்தின் தராசில் இதை எப்படி நிறுப்பது?

இந்த அநீதியில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. சிகிச்சை ஒழுங்காக நடந்தால் கிருமி துணைவருக்குப் பரவுவது பெருமளவு குறையும் என்பதை 2011இல் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய பெரும் ஆய்வில் ஒன்பது நாடுகளின் 1,763 இணையர் பங்கேற்றார்கள். சென்னையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. தொற்றாமல் முன்கூட்டியே காக்கும் மாத்திரையைச் சோதிக்கப் பெருவிலும் எக்வடோரிலும் கென்யாவிலும் உகாண்டாவிலும் எளிய மக்கள் தம் உடலைக் கொடுத்தார்கள். அந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. பத்தாண்டு கழித்து நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டபோது, அது தேவைப்படும் வெள்ளையரில் நூற்றுக்கு 94 பேருக்கு மருந்துச் சீட்டு எழுதப்பட்டிருந்தது. கறுப்பினத்தவரில் 13 பேருக்கு.

கறுப்பின மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்வது தென் மாநிலங்களில். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை விரிவுபடுத்த மறுத்த மாநிலங்கள் பலவும் அங்கேதான் உள்ளன: மிசிசிப்பி, அலபாமா, டெக்சாஸ், ஃபுளோரிடா. காப்பீடு இல்லாதவர் மருத்துவரைப் பார்க்காமலே இருந்துவிடுகிறார். பார்க்காததால் பரிசோதனையும் இல்லை.

இதற்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள்: “அவர்கள் மருத்துவர்களை நம்புவதில்லை.” உண்மைதான். ஏன் நம்பவில்லை என்பதற்கு அலபாமாவின் மேக்கன் கவுண்டிக்குப் போக வேண்டும். 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. பெரும்பாலும் ஏழை உழவர்கள். 399 பேருக்கு மேகநோய் எனப்படும் சிஃபிலிஸ் இருந்தது. உங்களுக்குக் ‘கெட்ட இரத்தம்’ என்று சொன்னார்கள். இலவச சிகிச்சை என்றார்கள். இறந்தால் ஈமச்செலவு தருவதாகவும் சொன்னார்கள், பிணக்கூறு பரிசோதனைக்கு இசைந்தால். மருத்துவர்கள்தாம் நோயை ஏற்றினார்கள் என்று சிலர் தவறாகச் சொல்வதுண்டு. நடந்தது அதுவல்ல. இருந்த நோயை முற்றவிட்டு, அது உடலை எப்படித் தின்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். 1940களின் இறுதிக்குள் பெனிசிலின் இதற்குரிய மருந்தாகிவிட்டது. அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தித்தாளில் வெளியாகும்வரை, நாற்பது ஆண்டுகள்.

ஒருவரை அடித்தால்தான் கொடுமை என்று நினைத்து நாம் பழகியிருக்கிறோம். கையில் மருந்தை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பதும் அதே கொடுமைதான். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் நம்பவில்லை என்று குறைப்படுவது, வாங்கிய கடனைத் திருப்பாதவன் கொடுத்தவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருந்துவது போன்றது. நம்பிக்கையை முதலில் சம்பாதிக்க வேண்டியவர் மருந்தை வைத்திருப்பவர். அட்லாண்டாவில் சிஸ்டர்லவ் என்ற அமைப்பு 1989 முதல் இதைப் புரிந்து நடக்கிறது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் பெண்கள் கூடும் இடங்களுக்கே போய் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசுகிறவர்களும் அதே சமூகத்துப் பெண்கள்.

1997 மே 16 அன்று அதிபர் கிளிண்டன் வெள்ளை மாளிகையில் மேக்கன் கவுண்டி ஆண்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் எட்டே பேர். அவர்களில் ஒருவரான 94 வயது ஹெர்மன் ஷா எழுந்து நின்று பேசினார். புதிதாக வந்திருந்த கூட்டு மருந்துகளால் அமெரிக்காவில் எய்ட்ஸ் சாவுகள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்த நேரம் அது. கறுப்பின மக்களிடையே அந்தச் சரிவு மெதுவாகவே இருந்தது.