விருந்தும் வினாவும்

ஒரு தேசத்தாரை அறிந்துகொள்ள விரும்புவோர் பெரும்பாலும் அவர்தம் அரசர்களின் பெயர்களையும், போர்கள் நடந்த ஆண்டுகளையும், இடிந்த கோயில்களின் தூண்களையும் கற்கின்றனர். அவர்தம் அடுக்களையைக் கற்க முயல்வோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு வீட்டின் அடுப்பின்மேல் கொதிப்பது யாது, அதில் அயலானுக்கு ஒரு கிண்ணம் உண்டா என்னும் இரு செய்திகளையும் அறிந்துவிட்டால், அவ்வீட்டாரின் அறத்தை அறிய வேறு சான்று வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம். இவ்வுண்மையை நாம் தேடிப் போனது கிரேக்க நாட்டுச் சமையலில். அது கிடைத்ததோ ராசாவுக்கு அணித்தான ஒரு தோட்டத்து லயத்தில்.

தோட்டத்துக் கிராணியாகிய நாம், பெரட்டுக் கணக்கும் சம்பளப் பட்டியும் எழுதி முடித்த மாலை வேளைகளில் ஆங்கில நூல்களைப் புரட்டுவது வழக்கம். அவ்வாறு கையில் அகப்பட்ட நூல்களுள் ஒன்று கிரேக்கரின் வீட்டுச் சமையலைப் பற்றியது. பெரிய உணவு விடுதிகளின் பகட்டான பண்டங்களை எதிர்பார்த்துத் திறந்த நமக்கு வியப்பே காத்திருந்தது. தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் கலந்து அவர்கள் 'சட்சீக்கி' என்பது நம் தயிர்ப் பச்சடிக்கு உடன்பிறப்பு. பாலில் அரிசியை வேகவைத்துச் சர்க்கரையிட்டு அவர்கள் 'ரிசோகலோ' என்பது நம் பாயசத்திற்கு மிக நெருங்கிய உறவு. வயலோரத்தில் தானே முளைக்கும் கீரைகளைப் பறித்து வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சஞ்சாறும் ஊற்றி உண்பதை 'ஹோர்த்தா' என்கின்றனர். எல்லாவற்றிலும் எளியது 'பசோலாதா' என்னும் அவரைச் சாறு. உலர்ந்த வெள்ளை அவரை விதையை இரவெல்லாம் ஊறவைத்து, வெங்காயம், காரட், செலரி, தக்காளி, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றோடு நிதானமாக வேகவைத்து, ரொட்டியுடன் உண்பதாகும் இது. கிரேக்கரின் தேசிய உணவு இதுவே என்று பலரும் கூறுவர்.

இந்தத் தேசிய உணவை ஆராய்ந்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். அந்த அவரையும் தக்காளியும் கிரேக்க மண்ணின் பூர்வீகக் குடிகள் அல்ல. கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கா சென்ற பின்னரே ஐரோப்பாவிற்குள் நுழைந்த அந்நியர்கள் அவை. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் இன்றைய பசோலாதாவை ருசித்தவர்கள் அல்லர். நம்மைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கும் இடமுண்டு. நமது நாக்கின் அடையாளம் என்று நாம் பெருமை பேசும் மிளகாயும், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்நாட்டுத் தோட்டத்தாரின் உயிரைப் பிடித்துவைத்த மரவள்ளிக்கிழங்கும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. நம் பாட்டன்மார் சீவிய பால்மரம் பிரேசில் நாட்டது. 1917-இல் கோலசிலாங்கூர்ப் பகுதியின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிபப் பயிராக முதன்முதல் நடப்பெற்று, இன்று நாம் குலைக்கணக்கு எழுதும் செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவினது. மண்ணும் சட்டியும் வந்தவரை 'நீ எந்தக் குலம்?' என்று கேட்டதில்லை. கேட்பவன் மனிதன் ஒருவனே.

தமிழருக்கும் கிரேக்கருக்கும் பழக்கம் நேற்று ஏற்பட்டதன்று. கிரேக்க மொழியில் மிளகிற்கு வழங்கும் 'பெப்பெரி' என்னும் பெயர், 'பிப்பலி' என்னும் இந்தியச் சொல்லின் வழிவந்தது. யவனர் கொணர்ந்த மதுவைப் பற்றியும், அவர்தம் கலங்கள் மிளகோடு மீண்டதைப் பற்றியும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு வணிகர் கிரேக்க மொழியில் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் கையேட்டில் இன்னுமொரு சிறு குறிப்பு உண்டு. நம் மேற்குக் கரைத் துறைகளுக்குச் செல்லும் கப்பல்களில், கப்பலைச் சார்ந்தோருக்குப் போதுமான தானியமும் ஏற்றப்பட்டதாம். அங்குள்ள வணிகர் அதை உண்பதில்லை என்பதே காரணமாம். எண்ணிப் பாருங்கள்! பருவக்காற்றை நம்பிப் பெருங்கடலைக் கடக்கத் துணிந்தவன், தன் வீட்டுத் தானியத்தை மட்டும் கைவிடத் துணிந்தானில்லை. மிளகு கடல் கடந்தது. மது கடல் கடந்தது. மனிதனோ தன் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டே கடந்தான். வாணிபம் சரக்கை மாற்றிக்கொள்ளும். மனத்தை மாற்ற விருந்து ஒன்றினாலேயே கூடும்.

விருந்து என்னும் சொல்லின் பழம்பொருளை நம்மில் பலர் மறந்துவிட்டனர். அதன் பொருள் புதுமை. ஆகவே விருந்தினர் என்போர் புதியர், முன் அறியாதவர். அறிந்தவருக்குச் சுற்றம் என்று வேறு பெயர் உண்டு. கிரேக்கருடைய 'க்ஸெனோஸ்' என்னும் சொல்லும் அவ்வாறே அந்நியன், விருந்தினன் என்னும் இரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. கடலால் பிரிந்த இரு மொழிகளும் இந்த ஒன்றில் கலந்து பேசியவை போல் ஒத்திருப்பது வியப்பன்றோ?

ஹோமரின் ஒடிசி காவியத்தை ஆங்கிலவழிப் பள்ளியிலே சுருக்கமாகப் படித்தோம். அப்போது விளங்காத ஒன்று இப்போது விளங்குகிறது. பிச்சைக்காரன் வேடத்தில் வந்த ஒடிசியஸை, பன்றி மேய்க்கும் யூமேயஸ் என்னும் அடிமை தன் குடிசைக்குள் அழைக்கிறான். இறைச்சி வாட்டி, மாவு தூவி, மதுவோடு படைக்கிறான். வந்தவன் வயிறு நிறைந்த பின்னரே, நீ யார், எவ்வூர் என்று வினவுகிறான். ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸோ தன் குகையில் அந்நியரைக் கண்டதும், ஒரு கவளமும் கொடாமல், நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று முதலிலேயே வினவுகிறான். பிறகு அவர்களையே தின்கிறான். சோறு முதலா, வினா முதலா? மனிதனுக்கும் அரக்கனுக்கும் உள்ள வேற்றுமையை ஹோமர் அந்த வரிசையிலேயே வைத்துவிட்டார். 'தம்பிக்கு எந்த ஊர்? என்ன ஆளுங்க?' என்று கேட்டு, விடை தெரிந்த பின் எந்த டம்ளரில் காப்பி கொடுப்பது என்று தீர்மானித்த வீடுகள் நம்மவரிடையே இருந்தன. அவ்வீடுகள் யாரைப் பின்பற்றின என்று வாசகர்களே கூறட்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரவாங்கில் அதிக விலை கொடுத்து வாங்கிவந்த ஒலிவ எண்ணெயுடன் பசோலாதா சமைத்தோம். அவ்வமயம், மருந்து அடிக்கும் வேலை செய்யும் மூதாட்டியார் ஒருவர், சேமநிதிப் பாரம் ஒன்றை நிரப்பித்தரக் கேட்டு வந்தார். ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தோம். கொடுத்தது பின்வாசற்படியிலேதான் என்பதை மறைப்பதற்கில்லை. அங்கேயே சிறிது ருசித்தவர், "நம்ம மொச்சைக் குழம்புதானுங்க ஐயா. புளியும் மிளகாயும் போட மறந்துட்டீங்க" என்று சிரித்தார். அயல்நாட்டுச் சமையலைப் பற்றி நாம் வாசித்த பக்கங்கள் அனைத்தும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

மறுநாள் மாலை பாத்திரம் திரும்பி வந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது நம் மக்களின் பண்பு. அதில் லயத்து ஓரத்தில் பறித்த குப்பைக்கீரையின் கடையல் இருந்தது. கிரேக்கர் ஹோர்த்தா என்று போற்றுவதும் இவ்வகைக் கீரையைத்தான். 1941-42 குளிர்காலத்தில் அந்நாடு அந்நியப் படைகளின் பிடியில் பட்டினி கிடந்தபோது, மக்கள் மலைச்சரிவுகளில் தேடியலைந்து பறித்ததும் இத்தகைய காட்டுக்கீரைகளையே. இவ்வளவும் நமக்குத் தெரியும். தெரிந்தும் நமது கை எழவில்லை. நம் சிறுபிராயத்தில் வீட்டின் பின்புறச் சுவரில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். அது யாருக்கென்று எவரும் நமக்குச் சொன்னதில்லை, சொல்லாமலே கற்றோம். அன்றிரவு கீரை அப்படியே இருந்தது, காலையில் கொட்டினோம். "கீரை நல்லா இருந்துச்சுங்களா ஐயா?" என்று அம்மையார் கேட்டபோது, நன்றாயிருந்தது என்று பொய்யும் சொன்னோம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். அவரவர் உணவு அவரவர் உரிமை அல்லவா? சமயமும் உடல்நிலையும் விதித்த வரம்புகளை உடைத்தால்தான் சமத்துவமா? அன்று. கிரேக்கத் திருச்சபையின் நோன்புகளை முற்றக் காப்போர் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாட்கள் இறைச்சியும் பாலும் முட்டையும் தொடுவதில்லை. அதனால் அவர்கள் அயலாரை இழிவுபடுத்தியவர் ஆகார். எதை உண்பது என்பது நோன்பு, அதனை மதிப்போம். யார் கையால் உண்பது என்பது செருக்கு. அதற்கு நோன்பின் பெயரைச் சூட்டலாகாது. அக்கீரையில் நமக்கு ஆகாத பொருள் ஒன்றும் இருக்கவில்லை. ஆகாதது நமது நெஞ்சில் இருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மையாரின் வீட்டு வாசலில் போய் நின்றோம். கீரையைக் கொட்டிய செய்தியைச் சொல்ல நா எழவில்லை. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. "அன்றைய கீரை இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டோம். ஏன் வந்தீர்கள் என்று அவர் வினவவில்லை. பாயை விரித்துத் தட்டை வைத்தார்.

நண்பர்களே, நம் முன்னோர் குடியிருந்த லயங்கள் பலவற்றில் இன்று இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் குடியிருக்கின்றனர். அவர்களே நம் காலத்து விருந்தினர். அவர்களின் பெயர்களைச் சம்பளப் பட்டியில் மாதந்தோறும் எழுதுகிறோம். அவர்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை அறியோம். ஏதென்ஸ் நகரத்து அடுக்களையை நூலில் அறிவது நன்றே. ஆனால் அந்த அறிவு அடுத்த லயத்து வாசல்வரை நம்மை நடத்திச் செல்லவில்லையாயின், அது ஏட்டில் எழுதிய சர்க்கரையே ஆகும். முதலில் கிண்ணத்தை நீட்டுவோம். நீட்டிய கிண்ணத்தை ஏற்போம். வினாக்கள் உணவிற்குப் பின் காத்திருக்கட்டும்.